ரால்ஃப் விக்கம் வெறும் லூசுப் பையனா? கொஞ்சம் நீளமாவே ஒரு பதில்

கேள்வி இதுதான்: "சிம்ப்சன்ஸ்ல ரால்ஃப் விக்கம்னு ஒரு பையன், மீம்ல எங்க பாத்தாலும் இருக்கான், சரி சீரிஸ்ல பாப்போம்னு உக்காந்தா எபிசோடுக்கு அரை நிமிஷம் கூட வரமாட்டேங்கிறான், சில எபிசோட்ல ஆளே காணோம். இவனுக்கு ஏன் இவ்ளோ ஃபேன்ஸ்? புத்தி கம்மியான ஒரு சின்னப் பையனை வச்சு கலாய்க்கிறதுதானே இது?" சிம்ப்சன்ஸ்ங்கிறது பல வருஷமா ஓடுற அமெரிக்க கார்ட்டூன் காமெடி சீரிஸ். கேட்டது நியாயமான கேள்விதான், நிறைய பேர் இதைச் சொல்லித்தான் அவனைத் தாண்டிப் போயிடுறாங்க. என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கதை நடக்கிற ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஊர்ல நடிக்கவே தெரியாத ஒரே ஆள் ரால்ஃப். மனசுல இருக்கிறது அப்படியே வாயில வரும், நடுவுல எந்த ஃபில்டரும் கிடையாது. இதைப் புரிஞ்சுக்கிட்டு எழுதின எபிசோட்ல அவன் பிரமாதமா இருப்பான், புரியாம எழுதினதுல வெறும் லூசுப் பையனா நிப்பான். ரெண்டு வகையும் அந்த சீரிஸ்ல இருக்கு, அதனாலதான் நீங்க எந்த எபிசோடைப் பாத்தீங்கங்கிறதைப் பொறுத்து உங்க அபிப்ராயம் மாறும்.

ஆள் யாருன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஸ்ப்ரிங்ஃபீல்ட் எலிமென்டரி ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ், லிசா சிம்ப்சனோட கிளாஸ்மேட், வயசு எட்டு. டீச்சர் மிஸ் ஹூவர், ரிட்டயர்மென்ட் எப்ப வரும்னு எண்ணிக்கிட்டு இருக்கிற மாதிரியே ஒரு மூஞ்சி. அப்பா அந்த ஊர் போலீஸ் சீஃப் கிளான்ஸி விக்கம், அம்மா சாரா. நீல கலர் முழுக்கை சட்டை, பெல்ட்ல சிவப்பு பக்கிள், தலையில முடின்னு சொல்றதுக்கு நாலஞ்சு கோடு, அவ்ளோதான் ஆளே. 'விக்கம்'ங்கிறது சிம்ப்சன்ஸை உருவாக்கின மேட் க்ரோனிங்கோட அம்மா வீட்டுப் பேரு. 'ரால்ஃப்' வந்தது 1950கள்ல ஜாக்கி க்ளீசன் டிவியில பண்ண ரால்ஃப் க்ராம்டன்ங்கிற கேரக்டர் ஞாபகமா. சிம்ப்சன் வீட்டு அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், பொண்ணுங்க லிசா, மேகின்னு தன் சொந்த வீட்டுப் பேரையெல்லாம் எடுத்து கேரக்டருக்கு வச்ச மனுஷன் அம்மா வீட்டுப் பேரைக் கொண்டு போய் லஞ்சம் வாங்குற ஒரு குண்டு போலீஸ்காரருக்கு வச்சிருக்காரு, அந்தம்மா என்ன நினைச்சாங்களோ.

குரல் நான்ஸி கார்ட்ரைட். லிசாவோட அண்ணன் பார்ட் சிம்ப்சனுக்குக் குரல் குடுக்கிறவங்களேதான். ரவுடிப் பையன் நெல்சன், பக்கத்து வீட்டு டாட் ஃப்ளான்டர்ஸ், இன்னொரு ரவுடி கியர்னி எல்லாமே இவங்கதான். அதாவது நெல்சன் ரால்ஃபைப் பாத்து "ஹா ஹா"ன்னு சிரிக்கிறப்ப ஒரே பொம்பளை தன்னைத் தானே கலாய்ச்சுக்கிட்டு இருக்காங்க. இன்னொரு விஷயம், முதல் சீசன்ல 1990ல வந்த 'மோனிங் லிசா' எபிசோட்ல ரால்ஃபைப் பாத்தீங்கன்னா இது அவனான்னு சந்தேகமே வரும், குரலும் வேற, தன்மையும் வேற, சாதாரண ஸ்கூல் பையன் மாதிரி பேசுவான். ஆரம்பத்துல அவன் கூட்டத்துல ஒருத்தன், அவ்ளோதான். நமக்குத் தெரிஞ்ச ரால்ஃப் ரெண்டு மூணு சீசன் கழிச்சுத்தான் வர்றான்.

இப்ப அவன் ஜோக் எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம், இங்க கொஞ்சம் நிதானமா போறேன், ஏன்னா உங்க கேள்விக்கு பதிலே இதுலதான் இருக்கு.

1993ல வந்த 'ஐ லவ் லிசா'ல ஆரம்பத்துலயே ஒரு சீன். வேலன்டைன்ஸ் டேக்கு கிளாஸ்ல பசங்க எல்லாரும் கலர் பேப்பர் வெட்டி கார்டு போட்டு வைக்க பெட்டி செய்யணும். ரால்ஃப் சொல்றான், எங்க வீட்ல என்னை கத்திரிக்கோல் தொட விடமாட்டாங்கன்னு. கிளாஸே சிரிக்குது. மிஸ் ஹூவர் என்ன சொல்லணும்? டேய் சிரிக்காதீங்கன்னு அதட்டணும்ல? அவங்க சொல்றது, "அவங்க சிரிக்கிறது நியாயம்தான் ரால்ஃப், இந்தக் கத்திரியால வெண்ணெய் கூட வெட்ட முடியாது." சரி எல்லாரும் சிவப்பு க்ரேயான் எடுங்கங்கிறாங்க. "மிஸ் ஹூவர்..." "என்ன ரால்ஃப்?" "என்கிட்ட சிவப்பு க்ரேயான் இல்ல." "ஏன் இல்ல?" "சாப்பிட்டுட்டேன்."

இந்த இடத்தை ரெண்டு தடவை பாருங்க. க்ரேயான் தின்னதுல பெரிய காமெடி ஒண்ணும் கிடையாது, எந்தக் குழந்தையும் தின்னும். நம்ம எல்லாரும் அந்த வயசுல என்ன சொல்லியிருப்போம்? தொலைஞ்சு போச்சு மிஸ், பக்கத்துல இருக்கிறவன் எடுத்துட்டான் மிஸ், வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன் மிஸ். எட்டு வயசுக்குள்ள ஒரு குழந்தை நல்லா கத்துக்கிற முதல் பாடமே இதுதான், டீச்சர் ஏன்னு கேட்டா உண்மையைத் தவிர வேற ஏதாவது சொல்லணும். ரால்ஃப் அந்தப் பாடத்துக்கு லீவு போட்டுட்டான் போல. கேட்டாங்க, சொன்னான். அதுல வெக்கமும் இல்ல, குறும்பும் இல்ல, நம்மளை சிரிக்க வைக்கணும்ங்கிற எண்ணமும் இல்ல. கார்ட்ரைட் அந்த வார்த்தையை சொல்ற டோனைக் கேளுங்க, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி அவ்ளோ சாதாரணமா வரும். மத்த கேரக்டர் எல்லாம் ஜோக் 'அடிக்கிறாங்க', இவன் நடந்ததை ரிப்போர்ட் பண்றான்.

அவனோட நல்ல வரிகள் எல்லாத்துலயும் இது இருக்கும். 1994ல வந்த 'லிசா ஆன் ஐஸ்'ல பிரின்ஸிபல் ஸ்கின்னர் மேடையில நின்னு எந்தப் பையன் எந்த சப்ஜெக்ட்ல ஃபெயில் ஆகப் போறான்னு எல்லார் முன்னாடியும் வாசிக்கிறாரு. ரால்ஃபுக்கு இங்கிலீஷ். அவன் திகைச்சுப் போய் சொல்றான், "மீ ஃபெயில் இங்கிலீஷ்? தட்ஸ் அன்பாஸிபிள்!" மறுப்பு சொல்ற வாக்கியத்துலயே குற்றம் நிரூபணம் ஆயிடுது. இதே டயலாக்கை பார்ட் சொல்லியிருந்தா வேணும்னே டீச்சரைக் கடுப்பேத்துறான்னு தோணும், சிரிப்பு பாதியாயிடும். ரால்ஃப் நெஜமாவே அதிர்ச்சியாகுறான், தான் நல்லாத்தான் பேசுறோம்னு நம்புறான். அதே மாதிரி 1998 'டாஸ் பஸ்'ல பசங்க எல்லாம் ஒரு தீவுல மாட்டிக்கிட்டு பசியில கிடக்கிறப்ப, எவனும் தொட பயப்படுற ஏதோ காட்டுப் பழத்தை இவன் பறிச்சு வாயில போட்டுட்டு "எரியுற டேஸ்ட்டா இருக்கு"ங்கிறான். அழல, துப்பல, தகவல் மட்டும் சொல்றான்.

'லிசாஸ் ரைவல்'னு ஒரு எபிசோட், அதுவும் 1994, அதுல ரால்ஃப் எதுவுமே பண்ணாம ஜெயிப்பான். கதைப்படி லிசாவை விட புத்திசாலியா அலிஸன்னு ஒரு புதுப் பொண்ணு கிளாஸுக்கு வர்றா (குரல் வினோனா ரைடர்), லிசாவுக்கு வயிறு எரியுது, ஒரு புத்தகத்துல இருந்து ஒரு காட்சியை பெட்டிக்குள்ள பொம்மை வச்சு செய்யற போட்டி நடக்குது, ரெண்டு பேரும் உயிரைக் கொடுத்து செய்யறாங்க, லிசா அலிஸனோடதை ஒளிச்சு வச்சு சதி வேற பண்றா. ரால்ஃப் கடையில வாங்கின ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை பெட்டியைக் கூட பிரிக்காம அப்படியே கொண்டாந்து வைக்கிறான். ஸ்கின்னருக்குப் பொம்மைப் பைத்தியம், கண்ணு விரியுது. மிஸ் ஹூவரைக் கேக்குறாரு, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு. அவங்க சொல்றது "லஞ்ச் டைம் ஆச்சுன்னு நினைக்கிறேன்." முடிஞ்சுது, ரால்ஃபுக்கு முதல் பரிசு. அதே சீன்ல தடுக்கி விழுந்து "என் வூக்கியை வளைச்சுட்டேன்"னு ஒரு வரி (வூக்கின்னா ஸ்டார் வார்ஸ்ல வர்ற உடம்பெல்லாம் முடியா இருக்கிற ஆளு), அது இன்னைக்கு வரைக்கும் டீஷர்ட்ல ஓடுது. எனக்கு அதை விட அந்த லஞ்ச் டைம் பிடிக்கும். ரால்ஃபைச் சுத்தி இருக்கிற பெரியவங்க எவ்ளோ மோசம்னு காட்டத்தான் பாதி நேரம் ரால்ஃப் சீனே இருக்கு, அதை யாரும் கவனிக்கிறதில்ல.

இப்ப மோசமான பக்கம். பிந்தைய சீசன்ல ரைட்டர்ஸ் இதையெல்லாம் விட்டுட்டாங்க. ரால்ஃப் வாயைத் திறந்தா ஏதாவது சம்பந்தமே இல்லாம உளறணும், பசை திங்கணும், கையை எங்கயாவது மாட்டிக்கணும், கட் பண்ணி அடுத்த சீன். கேட்ட கேள்விக்கு அவன் மண்டைக்குள்ள ஒரு லாஜிக் ஓடி அதுல இருந்து பதில் வந்தா அது ரால்ஃப், சும்மா ரேண்டமா ரெண்டு வார்த்தையைச் சேர்த்தா அது யார் வேணா எழுதலாம். 'திஸ் லிட்டில் விக்கி' எபிசோட்ல ஒரு சாவியை எலி தூக்கிட்டுப் போயிடும், ரால்ஃப் சொல்றான் "கூர் மூஞ்சி பூனை எடுத்துட்டுப் போயிடுச்சு"ன்னு. உளறலா அது? எலின்னு பேர் தெரியல, பூனை தெரியும், இது பூனை மாதிரி இருக்கு ஆனா மூஞ்சி கூரா இருக்கு. கரெக்டான வர்ணனைங்க அது. சின்னக் குழந்தைங்க பேச்சைப் பக்கத்துல இருந்து கேட்டவங்களாலதான் இப்படி எழுத முடியும்.

சரி, 'ஐ லவ் லிசா'வுக்கு மறுபடி வர்றேன். ரால்ஃபைப் பத்தி ஒரே ஒரு எபிசோட் பாக்கணும்னா இதுதான். எழுதினது ஃப்ராங்க் முலா, டைரக்ஷன் வெஸ் ஆர்ச்சர், ஃபாக்ஸ் சேனல்ல வந்தது 1993 பிப்ரவரி 11.

வேலன்டைன்ஸ் டே அன்னைக்கு கிளாஸ்ல எல்லார் பெட்டியிலயும் கார்டு விழுது, ரால்ஃப் பெட்டி காலி. ஒரு கார்டு கூட இல்ல. அதுவரைக்கும் தத்துப்பித்துன்னு பேசிக்கிட்டு இருந்தவன் அழ ஆரம்பிக்கிறான். லிசா பாக்குறா, பாவமா இருக்கு, அவசரமா ஒரு கார்டை எடுத்து அவன் பேரை எழுதிக் குடுக்கிறா. கார்டுல ஒரு ரயில் எஞ்சின் படம், கீழ "ஐ சூ சூ சூஸ் யூ"ன்னு ரயில் சத்தத்தோட 'உன்னைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்'னு ஒரு மொக்கை. இந்த எபிசோட் ஐடியாவே ஷோவை நடத்தினவங்கள்ல ஒருத்தரான அல் ஜீனுக்கு மூணாங்கிளாஸ்ல வந்த அதே மாதிரி ஒரு ரயில் கார்டுல இருந்து பிறந்ததுதான். ரால்ஃப் இதைப் பாவத்துக்குக் குடுத்ததுன்னு எடுத்துக்கல. எழுதியிருக்கிறதை அப்படியே நம்புறான். நம்ம ஊர்ல சும்மா ஒரு ஸ்மைலி அனுப்பினதுக்கு கல்யாணம் வரைக்கும் யோசிச்ச ஆளுங்களை எனக்குத் தெரியும், அதனால இவனை மட்டும் முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அன்னைக்கு லிசாவை வீட்டுக்கு நடந்து கொண்டு போய் விடுறான். பேச ஒண்ணும் இல்ல, ரொம்ப நேரம் அமைதி, கடைசியா கேக்குறான் "அப்போ... உனக்கு... விஷயங்கள்லாம் பிடிக்குமா?" முதல் டேட்ல உலகத்துல உள்ள எல்லாப் பையனும் கேட்ட கேள்வி இதுதான், மத்தவங்க கொஞ்சம் வார்த்தை மாத்திப் போட்டுக்கிட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அப்புறம் மூக்குல இருந்து விரலை எடுத்துட்டா ரத்தம் வர்றது குறையும்னு டாக்டர் சொன்னாருன்னு ஒரு தகவல். லிசா ஒண்ணும் சொல்ல முடியாம நடக்குறா.

லிசா நாசூக்கா விலகப் பாக்குறா, அவன் அப்பா கிட்ட ஐடியா கேக்குறான், அவரு விடாம முயற்சி பண்ணுடாங்கிறாரு. கிஃப்ட் வருது. க்ரஸ்டிங்கிற கோமாளியோட 29ஆம் ஆண்டு விழா ஷோவுக்கு டிக்கெட் வருது, ஊரே அந்த டிக்கெட்டுக்கு அலையுது. லிசாவுக்கு ஆசை, போறா. இங்க லிசா தப்பு பண்றாங்கிறதை எபிசோட் மறைக்கவே இல்ல, அது எனக்குப் பிடிச்ச விஷயம். ஷோ நடுவுல க்ரஸ்டி மைக்கோட ஆடியன்ஸ் பக்கம் வர்றான், ரால்ஃப் லைவ் டிவியில ஊர் முன்னாடி, இவதான் என் லிசா, பெரியவனானதும் இவளைத்தான் கட்டிப்பேங்கிற மாதிரி ஆரம்பிக்க, லிசா வெடிச்சுடுறா. எனக்கு உன்னை எப்பவுமே பிடிச்சதில்ல, யாருமே கார்டு குடுக்கலயேன்னுதான் குடுத்தேன்னு கத்துறா.

மறுநாள் வீட்ல பார்ட் அதை டேப்ல போட்டுக் காட்டுறான். ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டி, "இங்க பாரு லிஸ், அவன் இதயம் ரெண்டா கிழியுற செகண்டை கரெக்டா பிடிக்கலாம்... இதோ, இப்ப"ன்னு நிறுத்துறான். ரால்ஃப் மூஞ்சி அப்படியே சுருங்கி நிக்குது. சிரிப்பு வருது, வந்த உடனே ஏன்டா சிரிச்சோம்னு இருக்கு. ரால்ஃப் சீன்லயே இல்லாம, டிவிக்குள்ள டிவியில ஒரு நின்னு போன படமா மட்டும் இருந்து நம்மளை அடிக்கிற இடம் அது. இங்க அவன் ஒரு வார்த்தை கூட தப்பா பேசல, உளறல. அவன் வலியில காமெடி இல்ல, அவனுக்கு வலிச்சதை மத்தவங்க எப்படிப் பாக்குறாங்கங்கிறதுலதான் காமெடி.

அப்புறம் ஸ்கூல்ல ப்ரெசிடென்ட்ஸ் டே நாடகம். ஜார்ஜ் வாஷிங்டன் வேஷம் ரால்ஃபுக்கு, அவர் மனைவி மார்த்தா லிசா. அந்த வேஷம் எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டீங்கன்னா, மிஸ் ஹூவர் பேரை அறிவிச்ச கையோட போலீஸ் சீஃபைப் பாத்து "இப்பவாவது என் கார் வீல்ல போட்டிருக்கிற லாக்கை எடுங்க"ங்கிறாங்க. நாடகம் ஆரம்பிச்சா ஒரு அதிசயம், காதல் தோல்வி முழுசையும் ரால்ஃப் வாஷிங்டனுக்குள்ள கொட்டுறான், வசனம் தடுமாறல, ஊரே வாயைப் பொளந்து பாக்குது, கைதட்டல் நிக்கல. தனக்குன்னு சொல்ல வார்த்தை கிடைக்காதவனுக்கு வேற ஒருத்தன் எழுதின வார்த்தை கிடைச்சதும் எல்லாம் வந்துடுது. கடைசியில லிசா இன்னொரு கார்டு குடுக்கிறா, 'லெட்ஸ் பீ ஃப்ரெண்ட்ஸ்'னு, இங்கிலீஷ்ல 'bee'ன்னா தேனீ, அதனால 'be'ங்கிற இடத்துல 'bee'ன்னு போட்டு தேனீ படம். அவன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், "bee-ன்னு எழுதி தேனீ படமே போட்டிருக்கு." ஜோக்கை அவனே விளக்கிக்கிட்டு சந்தோஷமா இருக்கான். காதல் இல்ல, நட்புன்னு வந்ததையும் முழுசா எடுத்துக்கிறான். இவ்ளோ கௌரவமா தோத்துப் போன ஆள் அந்த சீரிஸ்லயே வேற யாரும் இல்லைங்கிறது என் கருத்து, லிசா மேல ஒருதலைக் காதல்ல சுத்துற மில்ஹவுஸோட ஃபேன்ஸ் சண்டைக்கு வரலாம்.

அவங்க அப்பாவைப் பத்தி சொல்லாம ரால்ஃபை முடிக்க முடியாது. கிளான்ஸி விக்கம் சோம்பேறி, லஞ்சம், துப்பாக்கியைக் கூட ஒழுங்கா பிடிக்கத் தெரியாது, குரலையே ஹேங்க் அசாரியா எட்வர்ட் ஜி. ராபின்ஸன்ங்கிற பழைய ஹாலிவுட் நடிகரை வச்சுத்தான் பண்ணியிருக்காரு, அவர் கேங்ஸ்டர் வேஷத்துக்குப் பேர் போனவர், அந்தக் குரலைத் தூக்கி போலீஸ்காரனுக்குக் குடுத்ததே ஒரு நக்கல். ஆனா மகன்னு வந்துட்டா இந்த ஆளு வேற. கவனிச்சுப் பாருங்க, பையன் ஏதோ சொல்றப்ப விக்கம் ஒரு தடவை கூட தலையில அடிச்சுக்க மாட்டாரு, வெளிய கூட்டிட்டுப் போக வெக்கப்பட மாட்டாரு. ஹோமர் பார்ட் கழுத்தை நெரிக்கிற ஊர்ல, நெட் ஃப்ளான்டர்ஸ் பசங்க எதுக்கெடுத்தாலும் பயந்து சாகுற ஊர்ல, தன் பிள்ளை எப்படி இருக்கோ அப்படியே ஏத்துக்கிட்ட அப்பா இந்த உதவாக்கரை போலீஸ்காரர்தான். அதிகாரத்தை துஷ்பிரயோகம் பண்றாருதான், கார் லாக் மேட்டர் எல்லாம் பச்சை அராஜகம், ஆனாலும்.

இப்ப உங்க கேள்வியோட காரமான பகுதி, குறைபாடு உள்ள குழந்தையைக் கிண்டல் பண்றதுதானே இதுன்னு. ரால்ஃபுக்கு இன்ன பிரச்னைன்னு அந்தக் கதையில டாக்டர் யாரும் வந்து பேர் வச்சு விளக்கம் குடுத்துட்டுப் போறதில்ல, அது நல்லதுன்னுதான் நான் சொல்வேன். பாக்குறவங்கள்ல சிலர் அவனுக்கு ஆட்டிசம்ங்கிறாங்க, சிலர் வேற சொல்றாங்க, எனக்கு அதுல ஆர்வம் இல்ல. நான் பாக்குறது ஜோக்கோட அடி யார் மேல விழுதுன்னு மட்டும்தான். க்ரேயான் சீன்ல அடி மிஸ் ஹூவர் மேல விழுது, பொம்மைப் போட்டியில ஸ்கின்னர் மேல விழுது, இதய ஃப்ரேம்ல பார்ட் மேலயும் சிரிச்ச நம்ம மேலயும் விழுது. அதே நேரம், பசை தின்னுட்டு சுவத்துல முட்டிக்கிற சீன்ல அடி நேரா அந்தப் பையன் மேலதான். அதை நான் டிஃபெண்ட் பண்ண மாட்டேன், அப்படிப்பட்டது நிறையவே இருக்கு, நீங்க அதைப் பாத்துட்டுத்தான் இந்தக் கேள்வி கேட்டிருப்பீங்கன்னா உங்க மேல தப்பே இல்ல.

1998ல வந்த 'திஸ் லிட்டில் விக்கி' இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற எபிசோட். மார்ஜ் ரால்ஃபைப் பாத்து பரிதாபப்பட்டு, அவன் கூட விளையாடுன்னு பார்ட்டைக் கட்டாயப்படுத்துறா. பார்ட்டுக்கு வெறுப்பு, ஆனா போலீஸ் சீஃப் வீட்ல ஊர்ல உள்ள எல்லாக் கதவையும் திறக்கிற ஒரு மாஸ்டர் சாவி இருக்குன்னு தெரிஞ்சதும் திடீர்ப் பாசம் வருது. அப்புறம் அந்த சாவி பழைய ஜெயிலுக்குள்ள போயி, அங்க எலெக்ட்ரிக் சேர், மேயர் குவிம்பி மாட்டிக்கிறது, ஊர் மின் நிலைய முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ் கரன்ட்டை நிறுத்துறதுன்னு கதை எங்கெங்கயோ ஓடும், அதெல்லாம் சுமார்தான். பாக்க வேண்டியது முதல் பாதி. விளையாட ஆள் கிடைச்சதுக்கு ரால்ஃப் படுற சந்தோஷம், எதிர்ல நிக்கிறவன் சாவிக்காகத்தான் வந்திருக்கான்னு துளி சந்தேகம் இல்லாத அந்த மூஞ்சி. வளர்ந்து என்ன ஆகப் போறன்னு கேட்டா ஒண்ணு பிரின்ஸிபல், இல்லன்னா கம்பளிப்பூச்சிங்கிறான். இந்த எபிசோட்லதான் லெப்ரகானும் வருது, அயர்லாந்து கதைகள்ல வர்ற பச்சை சட்டை குட்டிச்சாத்தான், எல்லாத்தையும் எரிக்கச் சொல்லி என்கிட்ட சொல்லும்னு ரால்ஃப் ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போவான். சரி பையன் ஏதோ கற்பனை பண்றான்னு நினைப்போம். கடைசி ஷாட்ல அது நெஜமாவே வந்து நின்னு வீட்டைக் கொளுத்துடாங்கும். மறுபடியும் அதே கதைதான், பையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கான், நம்ம காதுல வாங்கல.

மீம் பத்திக் கேட்டீங்களே, அதுல பெரிய குழப்பம் ஒண்ணு உண்டு. பஸ் சீட்ல உக்காந்து ஹிஹின்னு சிரிச்சுக்கிட்டே "நான் ஆபத்துல இருக்கேன்"னு சொல்ற படம், எல்லார் போன்லயும் இருக்கிறது, அதை சிம்ப்சன்ஸ்ல சீசன் சீசனா தேடினா கிடைக்காது. அது ஃபேமிலி கைங்கிற இன்னொரு கார்ட்டூன் சீரிஸ்ல 2014 செப்டம்பர்ல வந்த ஒரு எபிசோட், ரெண்டு குடும்பமும் சந்திக்கிற 'த சிம்ப்சன்ஸ் கை'ங்கிற க்ராஸ்ஓவர். வேற வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்துல பையன் தன் வாழ்க்கையிலயே பெரிய ஹிட் குடுத்துட்டான், சொந்த வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும். ஆனா அந்த வரி பக்கா ரால்ஃப் வரிதான், ஆபத்து தெரியுது, தெரிஞ்சும் பதட்டம் இல்ல, தகவலா சொல்றான். ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் 'ஒரு சின்ன கால்'னு மெசேஜ் போடுறப்ப நமக்கு இதை விட பொருத்தமான படம் கிடைக்காது. சமீபத்துல, 2025ல, ஏ.ஐ. வச்சு கோட் எழுதுறவங்க ஒரு முறைக்கே 'ரால்ஃப் விக்கம்'னு பேர் வச்சுட்டாங்க. ஒரே ப்ராம்ப்ட்டை, அதாவது ஒரே உத்தரவை, லூப்ல போட்டு வேலை முடியிற வரைக்கும் கோட் எழுதுற அந்த ஏ.ஐ.க்குத் திரும்பத் திரும்பக் குடுத்துக்கிட்டே இருக்கிறது. எத்தனை தடவை தப்பானாலும் முகம் சுளிக்காம மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதுக்கு வேற யார் பேரை வைக்க முடியும் சொல்லுங்க.

எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னா, முதல்ல 'ஐ லவ் லிசா', அது நாலாவது சீசன். அப்புறம் ஆறாவது சீசன்ல 'லிசாஸ் ரைவல்', 'லிசா ஆன் ஐஸ்' ரெண்டும். இந்த மூணுமே பேர்ல லிசா இருக்கிற எபிசோடுங்க, அது தற்செயல் கிடையாது. ஒரே கிளாஸ்ல முதல் பெஞ்ச்காரிக்கும் கடைசி பெஞ்ச்காரனுக்கும் அடுத்தடுத்து சீட் போட்டாத்தான் ரெண்டு பேருமே நல்லாத் தெரிவாங்க, ரால்ஃபை பார்ட் கூட விடுறப்ப அவ்ளோ எடுபடாததுக்கும் அதுதான் காரணம். அதுக்கப்புறம் ஒன்பதாவது சீசன்ல 'டாஸ் பஸ்', 'திஸ் லிட்டில் விக்கி'. 2008 ஜனவரியில வந்த 'இ ப்ளூரிபஸ் விக்கம்'னு ஒண்ணு இருக்கு, ஸ்ப்ரிங்ஃபீல்ட் மக்கள் பிரசாரத்துக்கு வந்த வேட்பாளருங்க மேல கடுப்பாகி ரால்ஃபுக்கு ஓட்டுப் போட்டுடுவாங்க, ரெண்டு கட்சியும் அவனைத் தங்களோட வேட்பாளராக்கப் போட்டி போடும், அமெரிக்க டிவி பிரபலங்களான ஜான் ஸ்டூவர்ட்டும் டான் ராதரும் அவங்களாவே வந்து குரல் குடுத்திருப்பாங்க. ஐடியா அருமை, ஆனா அந்த வருஷ அமெரிக்கத் தேர்தல்ல யார் யார் நின்னாங்கன்னு தெரியலன்னா பாதி ஜோக் தலைக்கு மேல போயிடும், அதனால அதைக் கடைசியா வச்சுக்கோங்க. இதைத் தவிர பதினைஞ்சாவது சீசனுக்கு மேல வேற எதையும் ரால்ஃபுக்காகன்னு தேடித் தேடிப் பாக்காதீங்க, டைம் வேஸ்ட், நல்ல வரி வந்தா எப்படியும் ரெண்டு நாள்ல உங்க ஃபேமிலி குரூப்புக்கே வந்து சேர்ந்துடும்.